1,86,000 கி.மீ. ஓடிய டிசையர் டீசல்: 47,350 ரூபாய் எஸ்டிமேட்டில் எது உண்மையிலேயே தேவை?

கேள்வி, 2025 ஜூன் 6

2012 மாடல் டிசையர் டீசல். ஈரோட்டில் இருக்கிறேன். ஓடியது 1,86,000 கி.மீ. தினமும் 30 கி.மீ. ஓடும், மாதம் ஒரு தடவை பெங்களூர் போய் வருவேன். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் 3,900. இன்ஜின் ஃப்ளஷ் (உள்பக்கத்தைக் கழுவுவது) 650. டிகார்பனைசிங் (கரி நீக்குவது) 2,800. டைமிங் செயின் கிட் 14,500. நான்கு ஷாக் அப்சார்பர் 13,200. கிளட்ச் செட் 8,900. பிரேக் ஆயில் 850. கூலண்ட் 1,250. ஏசி கிளீனிங் 1,300. மொத்தம் 47,350. "வண்டி கி.மீ. அதிகம் ஓடிடுச்சு சார், எல்லாம் மாத்தியே ஆகணும்" என்கிறார்கள். வண்டியில் எனக்குத் தெரிகிற குறை இரண்டுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கரகர சத்தம். வேகத்தடையில் முன்பக்கம் டொக் டொக் என்கிறது. எதைச் செய்வது, எதை விடுவது?

பதில், 2025 ஜூன் 6, இரவு 10.40

என்னிடமும் இதே வண்டிதான், அதே வருடம். ராசிபுரம். 2,31,000 ஓடியிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் முழித்தேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

"கி.மீ. அதிகம், எல்லாம் மாத்தணும்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். கி.மீ. என்பது பாகத்தைக் கழற்றிப் பார்ப்பதற்குக் காரணம், மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது போய்விட்டால் என்ன ஆகும்? இது போய்க்கொண்டிருக்கிறது என்பதை எனக்குக் காட்ட முடியுமா?

முதல் கேள்விக்கு "நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது" அல்லது "இன்ஜினே போய்விடும்" என்று பதில் வந்தால் அங்கே கஞ்சத்தனம் கூடாது. "கொஞ்சம் சத்தம் வரும், குலுங்கும்" என்றால் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் செய்யுங்கள்.

இன்ஜின் ஆயிலைத் தாமதிக்க வேண்டாம், உடனே மாற்றுங்கள். இந்த வண்டியின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஃபியட்டுடையது. ரிட்ஸ், எர்டிகா, புன்டோ, இண்டிகா விஸ்டா என்று நம் ஊரில் இது ஓடாத தெரு கிடையாது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. டர்போவும் அதே ஆயிலை நம்பித்தான் சுற்றுகிறது. மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில்தான். அது கெட்டுப்போனால் செயினும் டர்போவும் சேர்ந்தே கெடும். 10,000 கி.மீ. என்று புத்தகம் சொல்கிறது. பழைய வண்டிக்கு நான் 8,000-லேயே மாற்றிவிடுகிறேன். கூடுதல் செலவு வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்கூட வராது.

செயின் கிட் 14,500. காலையில் கரகர சத்தம் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் அலட்சியப்படுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கிட் வாங்காதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து கேளுங்கள். இரண்டு மூன்று வினாடியில் அடங்கினால் டென்ஷனருக்கு ஆயில் ஏறுகிற நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதையும் ஆயில் மாற்றிய பிறகு மறுபடி கேளுங்கள். சூடான பிறகும் தொடர்ந்தால் செயின் பக்கம் பிரிக்கத்தான் வேண்டும்.

கிளட்ச்: காலியான நேர் ரோட்டில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் விறுவிறுவென ஏறி, வண்டியின் வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ஏறினால் இப்போதைக்கு விடுங்கள்.

ஷாக் அப்சார்பர் நான்குமா? தண்டில் ஆயில் கசிந்து மண் அப்பியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். டொக் டொக் சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது லிங்க் ராடும் (சஸ்பென்ஷனை இணைக்கிற சின்னக் கம்பி) லோயர் ஆர்ம் புஷ்ஷும்தான் (சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ்க் கையில் உள்ள ரப்பர்).

பிரேக் ஆயில் மாற்றுங்கள். கூலண்ட் நிறம் நன்றாக இருந்தால் அடுத்த சர்வீஸுக்குத் தள்ளலாம். ஃப்ளஷ், டிகார்பனைசிங், ஏசி கிளீனிங் மூன்றும் இப்போது வேண்டாம்.

2025 ஜூன் 7

ஃப்ளஷ் ஏன் வேண்டாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அரை மணி நேர வேலைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்கிறார்.

சரியாக ஆயில் மாற்றி வந்த இன்ஜினுக்குள் கழுவ ஒன்றும் இல்லை. மாற்றாமல் விட்ட இன்ஜின் என்றால் உள்ளே அழுக்கு கெட்டியாகப் படிந்திருக்கும். ஒரே நாளில் அதைக் கரைத்துக் கிளப்பினால் கட்டி கட்டியாக வந்து சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கலாம். இரண்டிலும் நமக்கு லாபம் இல்லை. அழுக்கு இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் நல்ல ஆயிலை ஊற்றி 3,000 கி.மீ.யில் ஒரு தடவை, அப்புறம் 5,000-ல் ஒரு தடவை மாற்றுங்கள். மெதுவாகக் கரையட்டும்.

இன்னொன்று. டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும். அதைப் பார்த்து "ஆயில் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டீசல் புகைக்கரி ஆயிலில் கலப்பது இயல்பு. பயப்பட வேண்டிய நிறம் வேறு. பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தால் கூலண்ட் உள்ளே இறங்குகிறதா என்று உடனே பாருங்கள்.

2025 ஜூன் 9

நேற்று நாமக்கல்லில் என் மெக்கானிக் அண்ணன் பட்டறைக்குப் போயிருந்தேன். என் வண்டிக்கு டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டியிருந்தது. அவர் இருபது வருடம் லாரி வேலை பார்த்துவிட்டுக் காருக்கு வந்தவர். நாமக்கல்லில் அப்படி நிறையப் பேர். லாரிக்காரர்களிடம் தேவையில்லாமல் ஒரு பாகத்தைக்கூட மாற்றச் சொல்ல முடியாது, சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் இவருக்கு இன்னும் இருக்கிறது.

இங்கே பேசிய டொக் டொக் சத்தத்தைச் சொன்னேன். பக்கத்தில் ஜாக்கியில் நின்ற இன்னொரு டிசையரைக் காட்டினார். "இதுவும் அதே கம்ப்ளெயின்ட்தாங்க. பாருங்க." ஒரு நீளமான லிவரை லோயர் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். பின்பக்கப் புஷ்ஷின் ரப்பர் நடுவே பிறை நிலா மாதிரி ஒரு வெடிப்பு விரிந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. வண்டி தரையில் நிற்கும்போது குனிந்து பார்த்தால் அந்த வெடிப்பு கண்ணுக்கே தெரியாது. அடுத்து லிங்க் ராடைப் பிடித்துக் கையாலேயே ஆட்டினார். பந்து கழன்ற கதவுக் கைப்பிடி மாதிரி டக் டக்கென்றது. "இதுக்கு நாலு ஷாக்கும் மாத்தியிருந்தா சத்தம் அப்படியேதான் இருக்கும். அப்புறம் கஸ்டமர் நம்மளைத் திட்டுவாங்க."

ஷாக் தண்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். காய்ந்த தூசிதான் வந்தது. ஈரம் இல்லை.

ஈரோடு நண்பரே, உங்கள் பட்டறையில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். லிவர் போட்டு நெம்புவதற்கு எந்தப் பட்டறையிலும் காசு கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கொடுக்கலாம். 13,200-க்கு முன்னால் அது பெரிய காசு இல்லை.

2025 ஜூன் 15

6-ஆம் தேதி கூலண்டைப் பற்றி நான் எழுதியதைத் திருத்துகிறேன். "நிறம் நன்றாக இருந்தால் தள்ளலாம்" என்றது தப்பு.

காலையில் என் வண்டியின் பானெட்டைத் திறந்து, உங்களுக்கெல்லாம் எழுதுகிறோமே என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கூலண்ட் பளிச்சென்று பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் ரேடியேட்டருக்குக் கீழே போகிற ஹோஸைக் கையால் அமுக்கினால், கிளாம்ப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் பழுத்த தக்காளி மாதிரி அமுங்கியது. மற்ற இடமெல்லாம் கெட்டி. கிளாம்பைத் தளர்த்திக் கழற்றினால் உள்பக்க ரப்பர் ஊறி உப்பி, பாதித் துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடியில் வெள்ளைப் படிவு வேறு. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் எங்காவது நட்டநடு ரோட்டில் வெடித்திருக்கும். டெம்பரேச்சர் முள் ஏறுவதைக் கவனிக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். அது ஹோஸ் செலவு இல்லை, இன்ஜின் செலவு.

நிறம் என்பது சாயம். உள்ளே துரு பிடிக்காமல் காக்கிற மருந்து தீர்ந்துபோன பிறகும் சாயம் அப்படியே இருக்கும். கூலண்டை வயதைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற வருடக் கணக்கைப் பின்பற்றுங்கள். கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள். அதோடு 13 வருட வண்டியில் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூடி மூன்றையும் சேர்த்தே பாருங்கள். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும்.

ரப்பருக்கும் திரவத்துக்கும் ஓடோமீட்டர் தெரியாது. வண்டி வீட்டில் நின்றாலும் அவற்றுக்கு வயதாகும். இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2025 ஜூன் 16

"வழியில் குறைந்தால் எந்தத் தண்ணீர் ஊற்றுவது?"

அவசரத்துக்கு எது கிடைத்தாலும் ஊற்றுங்கள், இன்ஜின் காய்வதைவிட மேல். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலண்டைப் போடுங்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் என்ன படிகிறது என்று வீட்டில் கேளுங்கள். அதேதான் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. என் ஹோஸில் இருந்த வெள்ளைப் படிவும் அதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நானே குழாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்படியே மறந்திருக்கிறேன்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அரை மணி நேரமாவது விடுங்கள்.

2025 ஜூன் 29

டைமிங் பெல்ட்டா செயினா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இதில் மட்டும் நான் மேலே சொன்ன "காட்டு, அப்புறம் மாற்றுகிறேன்" என்கிற முறை செல்லாது. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

செயின் என்றால் பொதுவாகச் சத்தம் போட்டு எச்சரிக்கும். பெல்ட் பெரும்பாலும் எச்சரிக்காது. வெளியே இருந்து பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும், ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்த நொடியில் வால்வுகள் நின்ற இடத்திலேயே நிற்கும், பிஸ்டன் மேலே வந்து மோதும். டீசல் இன்ஜினில் இரண்டுக்கும் நடுவே இடமே கிடையாது. அதனால் பெல்ட் வண்டியில் புத்தகத்தில் போட்டிருக்கிற கி.மீ. அல்லது வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். விவாதமே வேண்டாம்.

என் மாமா பழைய டீசல் டாக்ஸி ஒன்றை 2014-ல் வாங்கினார். விற்றவர் "பெல்ட்டெல்லாம் போன வருஷம்தான் மாத்துனது" என்றார். பில் இல்லை. மாமா நம்பினார். நான்கே மாதம். ஆத்தூர் தாண்டிக் கள்ளக்குறிச்சி போகிற வழியில், கல்யாணத்துக்குப் போன ஏழு பேரோடு அறுந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. எட்டு வால்வும் வளைந்திருந்தது. அத்தை இன்றைக்கும் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் கேட்பது, "பெல்ட் மாத்தியாச்சா?" பஸ்ஸில் ஏறும்போதுகூடக் கண்டக்டரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் இடுப்பு பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

பழைய மாருதி 800, 800 சிசி ஆல்டோ, சான்ட்ரோ ஜிங், 2.5 டீசல் இன்னோவா எல்லாம் பெல்ட். இன்னோவாவில் மீட்டரிலேயே டி-பெல்ட் என்று ஒரு விளக்கு இருக்கிறது. பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் ரீசெட் செய்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் பில் கேளுங்கள். மாருதி கே-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்கள், நம் 1.3 டீசல் எல்லாம் செயின். செகண்ட்ஹேண்ட் வாங்கி, பில் இல்லை என்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கிச் சுற்றுகிற சின்னச் சக்கரம்), பெல்ட்டில் ஓடுகிற வண்டியாக இருந்தால் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே கையோடு முடியுங்கள். பிரிக்கிற கூலி ஒன்றுதான்.

2025 ஜூலை 2

டயர் பற்றி: பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (டயரின் பிடிமான மேடு) எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை பைபாஸில் 100-ல் ஓட்ட எனக்கு மனம் வராது. பட்டன் நடுவே சின்ன மேடு மாதிரி இருக்கிற தேய்மானக் குறி 1.6 மி.மீ. அதைத் தொடுகிற வரை காத்திருக்காதீர்கள், மழைக்கு முன்னால் மாற்றுங்கள். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். நான் பார்த்தபோது என்னுடையது 2012, வண்டியோடு வந்தது.

2025 ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப் பெருக்குக்குக் கொல்லிமலை போய்விட்டு வந்தோம். இறங்கும்போதெல்லாம் இந்த இழை ஞாபகம்தான். பிரேக் ஆயிலை முதல் பதிவில் மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டேன். அது போதாது.

2021-ல் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது என் வண்டி 1,70,000 சொச்சம். பிரேக் பேட் புதிது, டயர் புதிது. வண்டி வாங்கியதிலிருந்து பிரேக் ஆயில் மட்டும் மாற்றவே இல்லை. சர்வீஸ் செய்தவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "லெவல் சரியா இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் டிக் போட்டிருந்தது.

கொல்லிமலை ஏறியவர்களுக்குத் தெரியும். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. இறங்கும்போது முன்னால் ஒரு வேன், அவர் போகிற வேகத்தில்தான் நாமும் போக முடியும். மூன்றாவது கியரில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தேன், அது என் தப்பு. பாதி தூரம் வந்ததும் பெடல் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பிடித்தது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. அதற்கடுத்த வளைவில் பஞ்சை மிதிக்கிற மாதிரி அமுங்கியது, வண்டி நிற்கவில்லை. பின்னால் அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர். பெடலை நாலைந்து தடவை பம்ப் செய்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மலை ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்கள்.

முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. அதுதான் இதில் பயங்கரம். அப்படியே பட்டறைக்கு ஓட்டிப்போய்க் காட்டினால் எல்லாம் சரியாக இருக்கும்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவுகோல் 140-க்கு இறங்குகிறது. டாட் 4-க்கு 230-ம் 155-ம். மலை இறக்கத்தில் சக்கரத்தைப் பிடிக்கிற காலிப்பர் அந்தச் சூட்டை எட்டினால் உள்ளே ஆவி குமிழ் விடும். ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆவியை அமுக்க முடியும். நாம் மிதிக்கிற மிதி எல்லாம் அந்தக் குமிழை அமுக்கவே போய்விடும்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். 850 ரூபாய். மேலே டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றினால் போதாது, சூடேறுவது சக்கரத்துப் பக்கம் இருக்கிற ஆயில்தான். நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்து (பழைய ஆயிலை வெளியே விட்டு), பழுப்பு போய்த் தெளிவாக வருகிற வரை விடச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். 47,350 பட்டியலில் மிகவும் குறைந்த தொகைகளில் ஒன்று இது. வேறு எதையும் செய்யக் காசு இல்லை என்றாலும் இதைச் செய்திருக்க வேண்டும் என்று சொல்வேன்.

நேற்று இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. பெடல் கடைசி வரை கல் மாதிரி இருந்தது.

2025 ஆகஸ்ட் 5

டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 ஊற்றலாமா? ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கான், இவற்றோடு சேராது. 5.1 வேறு, அது சேரும். பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

2025 செப்டம்பர் 14

ஈரோடு நண்பர் இரண்டு நாள் முன்னால் விவரம் எழுதியிருந்தார். அதில் நல்லதும் இருக்கிறது, என் மனதை உறுத்துவதும் இருக்கிறது.

நல்லது முதலில். கரகர சத்தம் செயின் இல்லை. அவருடைய மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டிருக்கிறார். செயின் மூடிப் பக்கம் அமைதி. ஃபேன் பெல்ட் ஐட்லரில் மணல் அரைக்கிற சத்தம். உறுதிப்படுத்த மறுநாள் காலை பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில வினாடி மட்டும் ஸ்டார்ட் செய்தார்கள். சத்தமே இல்லை. ஐட்லரும் பெல்ட்டும் மாற்றி 2,600. 14,500 மிச்சம்! டொக் டொக்குக்கு லிங்க் ராட் இரண்டு பக்கமும், கூலியோடு 2,100. ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட் மூன்றும் 6,000. ஆக 10,700-ல் வண்டி சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கிளட்ச். ஜூனில் நான் சொன்ன சோதனையைச் செய்திருக்கிறார், பாஸ். "இப்போதைக்கு விடுங்கள்" என்றேன், விட்டார். ஆகஸ்ட் கடைசியில் பெங்களூர் போகும்போது தொப்பூர் மலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று ஏறியிருக்கிறார். பாதியில் வாடை வந்து, கிளட்ச் வழுக்கி, வண்டி நின்றுவிட்டது. ராத்திரி பத்து மணி, மனைவியும் கைக்குழந்தையும் கூட. அந்த இடத்தில் லாரிகள் எப்படி வரும் என்று சேலம், தருமபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டோயிங் 3,500, கிளட்ச் 9,400.

மொத்தம் 23,600, எஸ்டிமேட்டில் பாதி என்று அவர் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கணக்கு சமாதானம் தரவில்லை. "போய்விட்டால் என்ன ஆகும்" என்று கேட்கச் சொன்ன நான், "எங்கே போனால்" என்று கேட்கச் சொல்லவில்லை. ஈரோட்டுக்குள் தினம் 30 கி.மீ. ஓடுகிறவருக்கு கிளட்ச் போவது ஒரு ஆட்டோ செலவு. மாதாமாதம் குடும்பத்தோடு ராத்திரியில் தொப்பூர் ஏறுகிறவருக்கு அது வேறு. அவர் பெங்களூர் போவதை முதல் கேள்வியிலேயே எழுதியிருந்தார். நான் படித்தேன், கணக்கில் எடுக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

கிளட்சுக்கு இப்போது சொல்வது: 1,80,000 தாண்டியும் முதல் கிளட்சே ஓடுகிறது, பெடல் மேலே வந்துதான் பிடிக்கிறது, மலையேற்றத்தில் அடிக்கடி போகிறீர்கள் என்றால், வழுக்கும் வரை காத்திருக்காமல் நமக்கு வசதியான ஒரு வாரத்தில் மாற்றிவிடுங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் காத்திருக்கலாம்.

2025 செப்டம்பர் 15

ஷாக் அப்சார்பரும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. அது திடீரென்று நிற்க வைக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளரும். பேட்டரிதான் திடீரென்று நிற்க வைக்கிற ரகம். நான்கு வருடம் தாண்டிய பேட்டரி என்றால் ராத்திரி நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் குறை பெரும்பாலும் பேட்டரியில் இல்லை, அதைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரில். மீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

2025 நவம்பர் 2

"இவ்வளவு செலவு செய்வதற்கு விற்றுவிடலாமே" என்பதற்கு.

என் வண்டிக்கு 2027-ல் 15 வருடம் முடிகிறது. ஆர்சி புதுப்பித்தால் ஐந்து வருடம் கிடைக்கும். டெல்லிப் பக்கம் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், நமக்கு அது இல்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே நிறுத்திவிட்டது. லிட்டருக்கு 20 கி.மீ.க்குக் குறையாமல் கொடுக்கிற இந்த டீசல் டிசையர் இனிமேல் புதிதாகக் கிடைக்காது. விற்றால் என்ன விலை என்பதை வைத்து ரிப்பேர் செலவை எடை போடாதீர்கள். அடுத்த ஒரு வருடம் இந்த வண்டியை ஓட்ட எவ்வளவு ஆகும், அதே ஒரு வருடம் வேறு வண்டியின் தவணை எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். போன வருடம் எனக்கு டயர், டீசல், இன்சூரன்ஸ் நீங்கலாக 19,000 ஆனது.

அடித்தட்டு துரு பிடித்துப் பொத்தலானால் மட்டும் எனக்கு வேறு யோசனை வரும். இன்ஜினைச் சரிசெய்யலாம், துருப்பிடித்த பாடியில் ஒட்டு போட்டு எவ்வளவு நாள் ஓட்டுவது? கடற்கரைக்காரர்கள் ஜாக்கி வைக்கிற இடத்தை வருடம் ஒரு முறை சுரண்டிப் பாருங்கள்.

2025 நவம்பர் 9

ஈரோடு நண்பர் ஒரு நோட்டு போட்டிருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறார். தேதி, கி.மீ., என்ன செய்தது, எவ்வளவு. நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், பள்ளிக்கூட 80 பக்க நோட்டு. அதோடு ஒரு பத்தி கூடுதலாக வையுங்கள்: "பார்த்தது, மாற்றவில்லை." என் நோட்டில் ஜூன் 8-ல், "ஷாக் நான்கும் துடைத்துப் பார்த்தது, ஈரம் இல்லை" என்று இருக்கிறது. இன்று மறுபடி துடைத்தேன். முன் இடது தண்டில் மெல்லிசாக ஒரு ஆயில் வளையம், விரலில் ஒட்டுகிறது. வலது பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. முன்பக்கம் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பொங்கலுக்கு முன்னால் செய்துவிடலாம் என்று மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பின்பக்கம் நன்றாக இருக்கிறது, அதைத் தொடவில்லை.